அனலாக் லைன் கார்டு: நிற்காத மணி, எதிரொலி

கேள்வி (பெங்களூரு):
ஒரு விடுதிக்கு 8 லைன் கார்டு (சாதாரண போன்களுக்கு மின்சாரமும் மணியும் தரும் பலகை) வடிவமைக்கிறோம். மைனஸ் 48 வோல்ட், 25 ஹெர்ட்ஸ் மணி, ஏ-லா கோடெக் (குரலை டிஜிட்டலாக மாற்றும் சிப்). ரிசீவரை எடுத்தாலும் மணி நிற்பதில்லை. ஐபி டிரங்க் (ஐபி நெட்வொர்க் வழியான வெளி இணைப்பு) வழியே பேசுபவருக்கு அவர் குரலே திரும்பி வருகிறது. லைனுக்கு கரண்ட் தரும் 2 × 200 ஓம் ரெசிஸ்டர்களும் கொதிக்கின்றன.

பதில் 1:
முதலில் மணி. ரிங் ஜெனரேட்டரின் ஒரு முனையை நேரே கிரவுண்டில் கட்டியிருந்தால் டிசி ஓடாது. ரிசீவரை எடுத்தது சர்க்யூட்டுக்குத் தெரியவே தெரியாது. மணியின் ஏசி-யை மைனஸ் 48 வோல்ட் மேல் ஏற்றுங்கள். 25 ஹெர்ட்ஸில் ஒரு சுற்று 40 மில்லி விநாடி. எடுத்ததைக் கண்டறியும் ஃபில்டர் அதைவிட வேகமாக இருந்தால் ஏசி-யையே ‘எடுத்துவிட்டார்கள்’ என்று நம்பிவிடும். மிக மெதுவாக இருந்தால் மணி மின்சாரம் காதுக்குப் போகும், அது கூடவே கூடாது.

சூடு எளிய கணக்கு: போன் 200 ஓம் என்றால் மொத்தம் 600 ஓம், 48 ÷ 600 = 80 மில்லி ஆம்பியர். ஒவ்வொரு ரெசிஸ்டரிலும் 1.28 வாட். 25 மில்லி ஆம்பியரில் கட்டுப்படுத்துங்கள்.

பதில் 2:
எதிரொலிக்குக் காரணம் ஹைப்ரிட் (இரண்டு ஒயர் லைனில் போகும் குரலையும் வரும் குரலையும் பிரிக்கும் சர்க்யூட்) கசிவு. அதன் பேலன்ஸில் (லைனுக்கு ஈடாக வைக்கும் பகுதியில்) வெறும் 600 ஓம் வைத்திருப்பீர்கள். கேபிளுக்குக் கெப்பாசிட்டன்ஸ் உண்டு. 270 ஓமுடன் தொடராக, 750 ஓமும் 150 நானோ ஃபாரடும் இணையாக வைத்து ஆரம்பியுங்கள். பிறகு உண்மையான கேபிளில் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை அளந்து மாற்றுங்கள். மேசை மேல் ஒரு மீட்டர் ஒயரில் அளந்து ஏமாறாதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
ஜெனரேட்டர் கிரவுண்டில்தான் இருந்தது. மாற்றியதும் மணி நிற்கிறது. நன்றி சார்.