கறுப்புப் பெயர்ப்பட்டை அணிந்த முதிய தம்பதியர் உங்களோடு பழக வந்தால்

ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட்டுக்கு வந்த இரண்டாவது வாரம், கடையில் காலி பாட்டில்களைத் திரும்ப வாங்கும் இயந்திரத்தின் முன் நானும் என் மனைவியும் விழித்துக்கொண்டு நின்றோம். பாட்டிலின் அடிப்பக்கம் முதலில் உள்ளே போக வேண்டும் என்பதையும், ஒருமுறை பயன்படுத்தும் பாட்டில் ஒவ்வொன்றுக்கும் 25 சென்ட் திரும்பக் கிடைக்கும் என்பதையும் பொறுமையாகச் செய்து காட்டியவர்கள், எழுபதை நெருங்கிய ஓர் அமெரிக்கத் தம்பதியர். இருவரும் சட்டையில் கறுப்புப் பெயர்ப்பட்டை அணிந்திருந்தார்கள். தங்களை ‘எல்டர்’ என்றும் ‘சிஸ்டர்’ என்றும் அறிமுகம் செய்துகொண்டார்கள். அடுத்த வாரமே அவர்கள் வீட்டில் சாப்பிட்டோம். புதிதாக வருகிற உங்களுக்கும் இப்படியொரு பழக்கம் வாய்க்கக்கூடும் என்பதால், முன்பே எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதாக நான் நினைப்பவற்றை எழுதுகிறேன்.

இவர்கள் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையைச் சேர்ந்த ஊழியர்கள். நம்மில் பலர் மார்மன்கள் என்றே அறிந்திருப்போம். ஆனால் 2018 முதல் சபையின் தலைமை முழுப் பெயரையே பயன்படுத்துமாறு கேட்டுக்கொள்கிறது. ஜோசப் ஸ்மித் 1830-இல் நியூயார்க் மாநிலத்தில் தொடங்கிய இந்தச் சபைக்கு இன்று தலைமையிடம் யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் நகரம். இரண்டு இரண்டு பேராகத் தெருவில் வருகிற இளைஞர்களை நீங்கள் பார்த்திருக்கலாம். முதிய தம்பதியரின் பணி சற்று வேறு. வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், பேரப்பிள்ளைகளை விட்டுவிட்டு, வாடகை முதல் சாப்பாடு வரை சொந்தப் பணத்தில் செலவழித்து, ஆறு மாதம் முதல் ஏறக்குறைய இரண்டு ஆண்டு வரை வெளிநாட்டில் தங்கி ஊழியம் செய்கிறார்கள். இவர்கள் பெரும்பாலும் வீடு வீடாகக் கதவைத் தட்டுவதில்லை. அலுவலக வேலை, நிவாரணப் பணி, இளைஞர்களுக்குத் துணை என்று ஏதேனும் ஒரு பொறுப்பு இருக்கும். அதனூடே அக்கம்பக்கத்தாரோடு பழகி, தங்கள் நம்பிக்கையைப் பகிர்ந்துகொள்வார்கள். அந்த நட்பு நடிப்பு அல்ல, அந்தப் பகிர்தலும் மறைவானது அல்ல. இரண்டும் ஒன்றாகவே வரும் என்பதை முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் தவறியது வேறோர் இடத்தில். ஞாயிறு ஆராதனைக்கு வருகிறீர்களா என்று அந்தப் பெரியவர் கேட்டபோது, அவர் முகத்துக்கு நேரே மறுக்க மனம் வராமல், நம் ஊர் வழக்கப்படி “பார்க்கலாம், அவசியம் வருகிறோம்” என்று சொல்லி வைத்தேன். நமக்குள் இதற்கு என்ன பொருள் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவருக்குத் தெரியாது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, குளிரில், வண்டியோடு எங்கள் வாசலில் இருவரும் காத்திருந்தார்கள், நாங்கள் தூங்கிக்கொண்டிருந்தோம். குற்றம் முழுக்க என்னுடையது. மறுநாள் நேரில் போய், “உங்கள் நட்பு எங்களுக்கு வேண்டும், நாங்கள் எங்கள் வழிபாட்டிலேயே இருக்க விரும்புகிறோம், உங்கள் நம்பிக்கையைப் பற்றிக் கேட்கத் தோன்றினால் நாங்களாகவே கேட்போம்” என்று தெளிவாகச் சொன்னேன். அவர் சிறிதும் முகம் சுளிக்கவில்லை. ஞாயிறு வேண்டாம் என்றால் திங்கட்கிழமை மாலை வாருங்கள் என்றார். திங்கள் மாலையைக் குடும்பத்துக்கென்று ஒதுக்குவது அவர்கள் வழக்கம். முதல் வாரத்திலேயே இதைச் சொல்லியிருந்தால், அந்த முதியவர்கள் குளிரில் நின்றிருக்க வேண்டியதில்லை.

அவர்களை வீட்டுக்கு அழைத்தால் மது மட்டுமல்ல, காபியும் தேநீரும் கொடுக்கக் கூடாது. 1833 முதல் அவர்களுக்கு இருக்கும் உணவு நெறி அது. ஊரிலிருந்து சுமந்து வந்த பில்டரையும் டவரா டம்ளரையும் என் மனைவி எடுத்து வைத்தபின்தான் எங்களுக்கு இது தெரிந்தது. சட்டென்று சுக்கு, மல்லி, பனங்கருப்பட்டி தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்துக் கொடுத்தாள். பெயர் என்னவென்று அந்த அம்மா கேட்க, நான் யோசிக்காமல் “சுக்குக் காபி” என்று சொல்லித் தொலைத்தேன். வாயருகே போன டம்ளர் அப்படியே நின்றது. பெயரில் மட்டும்தான் காபி, உள்ளே ஒரு பொட்டுக் காபித்தூள்கூட இல்லை என்று விளக்கியபின் இரண்டு டம்ளர் குடித்தார்.

அவர்கள் ஆர்வத்தோடு கேட்பது உங்கள் முன்னோரைப் பற்றி. வம்சாவளி தேடுவது இச்சபையில் சமயக் கடமை. அதற்காக அவர்கள் நடத்தும் ஃபேமிலிசர்ச் இணையதளத்தை யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். அமாவாசைத் தர்ப்பணத்தில் மூன்று தலைமுறைப் பெயர்களைச் சொல்வோம் என்றபோது, பெரியவர் குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொண்டார். இங்கே ஒரு விவரம் தெரிந்திருக்க வேண்டும். இறந்த முன்னோருக்காக உயிரோடிருப்பவர் பதிலாளாக நின்று ஞானஸ்நானம் பெறுவது அவர்கள் ஆலயச் சடங்கு. உறுப்பினர்கள் தம் சொந்த முன்னோருக்கு மட்டுமே அதைச் செய்ய வேண்டும் என்பது விதி. ஏற்பதும் மறுப்பதும் இறந்தவரின் ஆன்மாவின் விருப்பம் என்பது அவர்கள் கொள்கை. உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இது உவப்பாக இராது என்றால், அந்த இணையதளத்தின் பொது வம்சாவளி மரத்தில் பெயர்களைப் பதியாதீர்கள்.

மனம் ஒப்பிச் சேர விரும்புகிறவர்கள் அவசரப்பட வேண்டாம். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை, மேலே சொன்ன உணவு நெறி, இரண்டு மணி நேர ஞாயிறு ஆராதனை எல்லாம் அதில் அடங்கும். பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குப் பெற்றோரின் சம்மதமின்றி ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. நம் கிறிஸ்தவ நண்பர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: குடியிருப்புப் பதிவின்போது கத்தோலிக்கர், புராட்டஸ்டண்டு என்று குறிப்பிட்டால் பிராங்க்ஃபர்ட் இருக்கும் ஹெஸ்ஸன் மாநிலத்தில் வருமான வரியின் மேல் 9 சதவீதம் திருச்சபை வரியாகப் பிடிப்பார்கள். இச்சபையின் காணிக்கை அந்த வரியில் சேராது. பழைய சபையிலிருந்து முறைப்படி விலகாதவரை வரியும் நிற்காது.

நாங்கள் சேரவில்லை. ஒரே ஒரு முறை, அவர்கள் அழைப்பின்பேரில், பிராங்க்ஃபர்ட்டுக்கு அருகிலுள்ள ஃபிரீட்ரிக்ஸ்டோர்ஃபில் 1987-இல் திறக்கப்பட்ட அவர்களுடைய ஆலயத்தின் தோட்டத்தில் நடந்துவிட்டு வந்தோம். ஞாயிறு ஆராதனை நடக்கும் இடம் வேறு. சடங்குகளுக்கான இந்த ஆலயத்தின் உள்ளே தகுதிச் சீட்டு பெற்ற உறுப்பினர்கள் மட்டுமே போகலாம். பதினெட்டு மாதம் முடிந்து யூட்டாவுக்குக் கிளம்பிய அன்று, மிச்சமிருந்த காலி பாட்டில்களையெல்லாம் ஒரு பையில் கட்டி எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். இருபத்திரண்டு பாட்டில், ஐந்தரை யூரோ கிடைத்தது.