இருபது ஆண்டுக்கு ஒருமுறை புதிதாகும் இசே கோயில்

ஜப்பானில் அந்நாட்டின் பூர்வீக மதமான ஷிந்தோவின் பழைய கோயில் ஒன்றைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் இசேவுக்குப் போங்கள். நாகோயாவிலிருந்து ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரம்.

இங்கே இரண்டு பெரிய கோயில்கள். வழக்கப்படி முதலில் கெக்கூ (வெளிக்கோயில்), அப்புறம்தான் நைக்கூ (உட்கோயில்). கெக்கூவில் உணவுக்கு அதிபதியான தொயோஉகே, நைக்கூவில் சூரிய தேவி அமதெராசு. கெக்கூவில் தினமும் காலை, மாலை இருவேளையும் நைவேத்தியம் உண்டு. அதைச் சமைக்கும் நெருப்பை இன்றும் தீக்கடைகோல் கொண்டு கடைந்துதான் எடுக்கிறார்கள்.

என்னைக் கட்டிப்போட்டது சன்னதி அல்ல, அதை ஒட்டிக் கிடந்த வெற்று மனை. அதே அளவு, வெள்ளைக் கூழாங்கற்கள், நடுவே ஒரு சின்ன மரக் கூரை மட்டும். 2013 வரை கோயில் அங்கேதான் இருந்தது. இருபது ஆண்டுக்கு ஒருமுறை பக்கத்து மனையில் அச்சு அசலாகப் புதிதாகக் கட்டி, தெய்வத்தை இரவில் எழுந்தருளச் செய்கிறார்கள். நைக்கூவில் இது தொடங்கியது 690-இல். 2013-இல் நடந்தது 62-ஆவது. ஹினோக்கி மரத் தூண்களை அடிக்கல் இல்லாமல் மண்ணிலேயே நடுகிறார்கள், கூரை புல் வேய்ந்தது. மழை பொழியும் ஊரில் அது எத்தனை காலம் தாங்கும்? ஆனால் திரும்பத் திரும்பக் கட்டுவதால்தான் தச்சு வேலை கைமாறி வந்திருக்கிறது. உள்நாட்டுப் போர்க் காலத்தில் நூறாண்டுக்கும் மேல் தடைபட்டும் மறுபடி தொடங்கியிருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய விஷயம்.

நைக்கூவுக்கு இசுசு ஆற்றின் மேல் மரப்பாலம். ஆற்றங்கரைக் கற்படியில் இறங்கிக் கை கழுவி, வாய் கொப்பளிக்கலாம். தண்ணீர் ஜில்லென்று இருந்தது, அடியில் ஒவ்வொரு கல்லும் தெரிந்தது. சன்னதிப் படிக்கட்டுக்கு மேல் கேமரா கூடாது. மேலே வாசலில் ஒரு வெள்ளைத் திரை, அவ்வளவுதான் நமக்குத் தரிசனம். இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, மறுபடி ஒருமுறை குனிய வேண்டும். மற்ற கோயில்களில் குலுக்கி எடுக்கும் குறிச்சீட்டு இங்கே கிடையாது.

பாலத்தின் இரு முனையிலும் உள்ள டோரி வாயில்களைத் தவறவிடாதீர்கள். பழைய சன்னதிகளின் பெருந்தூண்களைச் செதுக்கிச் செய்தவை. இங்கே இருபது ஆண்டு நின்றபின் செகி, குவானா ஊர்களுக்குப் போய் அங்கும் வாயிலாக நிற்கும். ஒரே மரம், அறுபது ஆண்டு!

அடுத்த மாற்றம் 2033-இல். அதற்கு முன் புது மனையில் வெள்ளைக் கற்களைப் பொதுமக்களே கையில் ஏந்திப்போய் வைப்பார்கள். ஜப்பானில் இருப்பவர்கள் யாராவது அதற்குப் போவதாக இருந்தால் சொல்லுங்கள், நானும் வருகிறேன்.