மூணு வார பாப்பாவுக்கு டங் டை (நாக்கு அடியில சவ்வால ஒட்டி இருக்குறது), கட் பண்ணிதான் ஆகணுமா?

நிலா அம்மா:
பாப்பா பிறக்கும்போது 2.9 கிலோ, இப்ப மூணு வாரம் ஆகியும் 3 கிலோதான் இருக்கா. பால் குடிக்கும்போது டக் டக்னு சத்தம் வருது, கொஞ்ச நேரத்துலயே தூங்கிடுறா, படுக்க போட்டா மறுபடி அழுகை. எனக்கு காம்புல வெடிப்பு வந்து ரத்தமே வருது, அவ வாய எடுத்ததும் பாத்தா காம்பு லிப்ஸ்டிக் முனை மாதிரி ஒரு பக்கம் சப்பையா இருக்கு. அழும்போது நாக்க மேல தூக்கவே மாட்டேங்குறா, நுனி நடுவுல உள்ள இழுத்துக்குது. டாக்டர் சின்னதா கட் பண்ணிடலாம்னு சொல்றாரு, இன்னொரு கிளினிக்ல லேசர்தான் பெஸ்ட், மேலுதட்டுக்கு அடியில இருக்குற சவ்வையும் சேத்து பண்ணணும், இல்லன்னா பின்னாடி பேச்சு வராதுன்னு பயமுறுத்துறாங்க. அத்தை என்னடான்னா உனக்கு பால் பத்தல, பவுடர் பால் குடுங்குறாங்க. என்ன பண்றதுன்னே தெரியல.

கோவை தேவி:
என் பையனுக்கும் நாக்கு ஒட்டிதான் இருந்துச்சும்மா, ஆனா உக்காந்து குடுக்குற விதத்த மாத்துனதுலயே சரியாயிடுச்சு. குழந்தை வயிறு உங்க வயித்தோட ஒட்டி இருக்கணும், மூக்குக்கு நேரா காம்ப வச்சுட்டு வாய நல்லா ஆ-ன்னு திறக்குற வரைக்கும் பொறுமையா இருங்க, திறந்ததும் காம்ப சுத்தி இருக்குற கருவளையம் பாதிக்கு மேல உள்ள போற மாதிரி, தாடை மார்புல பதியற மாதிரி இழுத்து அணைச்சுக்கோங்க. வெறும் காம்ப மட்டும் சப்பினா வலிக்கத்தான் செய்யும். அத்தை சொல்றத மனசுல போட்டுக்காதீங்க.

நர்ஸ் அக்கா:
லாக்டேஷன் கவுன்சிலிங்லயும் (தாய்ப்பால் குடுக்க அம்மாக்களுக்கு வழி சொல்றது) இருக்கேன், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன். மொதல்ல வெயிட்டப் பாருங்க. பிறந்த வெயிட்ட திரும்பப் பிடிச்ச பிறகு ஒரு நாளைக்கு 25-30 கிராம் ஏறணும், உங்க பாப்பாவுக்கு கம்மி. அதனால இன்னைக்கே ஆரம்பிங்க, ஒவ்வொரு தடவ குடிச்ச பிறகும் கையால பால் பீச்சி சங்குலயோ பாலாடைலயோ குடுங்க, ஒரு நாளைக்கு 8-12 தடவ குடிக்கட்டும், யூரின் 6 தடவயாவது போறாளான்னு பாருங்க. இப்படி பீச்சலன்னா பால் தேங்கி சுரக்குறதே குறைஞ்சிடும், அப்புறம்தான் அத்தை சொல்ற நிலைமை வரும். பீச்சுற பால் பத்தலன்னா டாக்டர் சொல்ற அளவுக்கு பவுடர் பால் சேக்குறதுல தப்பில்ல, குழந்தை பட்டினி கிடக்கக் கூடாது.

கட் பண்றத பத்தி: அமெரிக்க குழந்தை மருத்துவ அகாடமி 2024ல சொன்னது, நாக்கு ஒட்டி இருக்குற குழந்தைங்கள்ல பாதிப் பேருக்கும் கம்மியாதான் பால் குடிக்கிறதுல பிரச்சனை வருதாம். மருத்துவ ஆராய்ச்சிகள சேத்து அலசுற காக்ரேன் அமைப்போட 2017 ஆய்வுல 5 ஆராய்ச்சி, 302 குழந்தைங்கள பாத்தாங்க, கட் பண்ணதுல அம்மாவோட வலி கொஞ்ச நாளைக்கு குறைஞ்சுது, ஆனா குழந்தை குடிக்கிறது எல்லாருக்கும் மாறிடுச்சுன்னு சொல்ல முடியல. லேசர் கத்தரிய விட நல்லதுன்னு ஆதாரம் கிடையாது, மேலுதட்டு சவ்வ வெட்டணும்னும் கிடையாது, இப்ப வெட்டினா பேச்சு பிரச்சனை வராம தடுக்கும்னும் கிடையாது. அந்த பயத்துக்காக பணம் கட்டாதீங்க. உங்க பாப்பாவுக்கு நாக்கு தூக்க முடியல, வெயிட் ஏறல, உங்களுக்கு ரத்தம் வருது, மூணும் சேந்து இருக்கு. ஒரு லாக்டேஷன் கவுன்சிலர் பக்கத்துல உக்காந்து பால் குடுக்குறத நேர்ல பாக்கட்டும், பொசிஷன் மாத்தியும் ரெண்டு மூணு நாள்ல தேறலன்னா கட் பண்றது நியாயம்தான்.

நிலா அம்மா:
ரொம்ப தேங்க்ஸ்க்கா. கட் பண்ணா ரொம்ப ரத்தம் வருமா, பாப்பாவுக்கு மயக்க ஊசி போடுவாங்களா? நினைச்சாலே கை நடுங்குது.

நர்ஸ் அக்கா:
இந்த வயசுல பொதுவா மயக்க ஊசி போட மாட்டாங்க, துணில சுத்தி பிடிச்சுட்டு நாக்க தூக்கி அடியில இருக்குற மெல்லிசு சவ்வ கத்தரில வெட்டுவாங்க, சில செகண்ட்தான், ரெண்டு மூணு சொட்டு ரத்தம் வரும். உடனே மார்புல போட்டு பால் குடுங்க. அப்புறம் நாக்கடியில வெள்ளையா ஒரு திட்டு வரும், அது சீழ் இல்ல, புண்ணு ஆறுறதுதான், அத தேய்க்காதீங்க. பிறந்தப்ப ரத்தம் உறைய உதவுற வைட்டமின் கே ஊசி போட்டாங்களான்னு டிஸ்சார்ஜ் பேப்பர்ல பாத்துடுங்க, ரெண்டு பக்க குடும்பத்துலயும் யாருக்காவது அடிபட்டா ரத்தம் நிக்காத பிரச்சனை இருக்கான்னு கேட்டுட்டு முன்னாடியே டாக்டர்ட்ட சொல்லிடுங்க.