நிக்கல்-63ஐ விட்டொழிக்கலாமா?

வெள்ளவத்தை வாசி:
கொழும்பில் உள்ள எங்கள் ஆய்வுகூடத்துக்குப் வாயுக் கலவையைப் பிரித்து அளக்கும் கருவியான கேஸ் குரோமடோகிராப் ஒன்று புதிதாக வாங்கப் போகிறோம். வயல் மண்ணிலிருந்து எழும் நைதரசு ஒட்சைட்டை அளக்க வேண்டும். இதற்கு வழமையான இலத்திரன் கவர் உணரி, அதாவது ஈ.சி.டி.யில் நிக்கல்-63 கதிரியக்க மூலம் இருக்கிறது. அது வேண்டாம், ஈலிய மின்னிறக்க உணரியை எடுங்கள் என்கிறார் முகவர். எதை எடுப்பது?

குழாய்முனை:
முகவர் சொல்வது சரி. நிக்கல்-63இன் அரைவாழ்வு ஏறத்தாழ 100 ஆண்டுகள். கருவி பழைய இரும்புக்குப் போன பிறகும் மூலம் உங்கள் பொறுப்பில்தான் கிடக்கும். 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம், கசிவுச் சோதனை, பதிவேடு... யார் மாரடிப்பது? மின்னிறக்க உணரியில் ஈலியத்தினூடே மின்பொறி துடித்துத் துடித்துப் பாயும். அதில் எழும் புறஊதா ஒளி, நியோனைத் தவிர ஏறத்தாழ எல்லா வாயுவையும் அயனாக்கிவிடும்.

முதுநிலை ஆய்வாளர்:
எல்லாவற்றையும் அயனாக்குவதுதான் வில்லங்கம், தம்பி. காற்றில் காபனீரொட்சைட்டு மில்லியனுக்கு 420 பங்குக்கு மேல்; நைதரசு ஒட்சைட்டு வெறும் 0.34. ஒன்றையடுத்து ஒன்றாக வெளிவரும் இரண்டில், பெரியதன் சைகையின் வாலுக்குள் சின்னது காணாமற் போய்விடும். இலத்திரனைக் கவரும் வாயுவையே தேடும் ஈ.சி.டி.க்குக் காபனீரொட்சைட்டு அவ்வளவாகக் கண்ணில் படாது. நிக்கல்-63இன் பீற்றாக் கதிரோ தோலின் மேற்படையைக்கூடத் தாண்டாது. கசிவுச் சோதனை என்பது ஈரப்பஞ்சால் உணரியின் வெளிவாயைத் துடைத்து, பஞ்சில் ஒட்டிய கதிரியக்கத்தை எண்ணிப் பார்ப்பது, அவ்வளவுதான்.

குழாய்முனை:
திசைமாற்று வால்வு ஒன்று போட்டால் காபனீரொட்சைட்டை வெளியே தள்ளிவிடலாமே! ஈலியத்தில் மெதேன் கலந்தால் இதே உணரி இலத்திரன் கவரும் முறைக்கும் மாறும். குளோரோபுளோரோகாபன்களை ஈ.சி.டி.க்கு நிகராகப் பிடிக்கும்.

முதுநிலை ஆய்வாளர்:
ஈலியம் எங்கிருந்து வரும்? நைதரசனைக் காற்றிலிருந்து இங்கேயே பிரித்தெடுக்கலாம். எஞ்சிய ஒட்சிசனைப் பிடித்துக்கொள்ளும் பொறி ஒன்று வைத்தால் அந்த நைதரசனிலேயே ஈ.சி.டி. ஓடும். ஈலியச் சிலிண்டர் ஒவ்வொன்றும் கப்பலேறி வர வேண்டும். 2022இல் டொலர் இல்லாமல் நாடு பட்ட பாடு அதற்குள் மறந்துவிட்டதா? அதுவும் 99.999 வீதத் தூய்மை போதாது, தூய்மையாக்கியும் வேண்டும். சிலிண்டரின் அழுத்த ரெகுலேற்றரில் இறப்பர்ச் சவ்வு இருந்தால் காற்று ஊடுருவி, மாதிரி இல்லாதபோதே உணரி காட்டும் அடிக்கோடு ஏறிக்கொண்டே போகும்.

குழாய்முனை:
கப்பல் விடயத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மாணவர் புழங்கும் இடத்தில் கதிரியக்க மூலத்துக்குப் பொறுப்பாகக் கையெழுத்திட ஆள் கிடைக்குமா?

வெள்ளவத்தை வாசி:
எங்களிடம் கையெழுத்திட ஒருவர் இருக்கிறார். முகவரின் விலைமனுவை இப்போதுதான் புரட்டினேன்: தூய்மையாக்கியும் இல்லை, வால்வும் இல்லை. இரண்டையும் சேர்த்து விலை கேட்டிருக்கிறேன்.

முதுநிலை ஆய்வாளர்:
உலோகச் சவ்வு ரெகுலேற்றரையும் சேர்த்துக் கேளுங்கள்.