டாக்சிசைக்ளின் ஜெல் முதல் நாளிலேயே காலியாகிவிடுகிறது, யோசனை சொல்லுங்கள்

மருந்து வடிவமைப்பில் கை பழகியவர்கள் யாராவது இருந்தால் உதவுங்கள். ஈறு நோயில் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே உண்டாகும் பைக்குள் நேரடியாகச் செலுத்த, டாக்சிசைக்ளின் என்ற பாக்டீரியா எதிர்ப்பு மருந்து கொண்ட ஜெல் ஒன்று தயாரித்துப் பார்க்கிறோம். அடிப்படை போலாக்சமர் 407 (சூட்டில் இறுகும் பாலிமர்), அதோடு கொஞ்சம் கைட்டோசான் (ஒட்டும் தன்மையுள்ள இயற்கைப் பாலிமர்). குளிர்ச்சியாக இருக்கும்போது ஊசி வழியாகச் சுலபமாக இறங்குகிறது, உடல் சூட்டில் கெட்டியாகிறது, அதுவரை சரி. ஆனால் ஒரு வாரமாவது நிற்க வேண்டிய மருந்தில் பெரும்பகுதி முதல் நாளிலேயே வெளியே வந்துவிடுகிறது.

இத்தனைக்கும் இது சோதனைக் குழாயில்தான். 5 மில்லிமீட்டர் ஆழமுள்ள பையில் ஈறு திரவம் மணிக்கு சுமார் 40 முறை புதிதாக மாறும் என்று ஒரு கணக்கு உண்டு, அந்த ஓட்டத்தில் நம் ஜெல் எத்தனை நேரம் தாக்குப்பிடிக்கும் என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது.

மருந்தை பிஎல்ஜிஏ (உடலில் மெல்லச் சிதையும் பாலிமர்) நுண்கோளங்களில் அடைத்து ஜெல்லில் கலக்கலாமா என்று யோசனை. இதே வகை மருந்தான மினோசைக்ளினைக் கொண்ட அரெஸ்டின் என்ற தயாரிப்பு அந்த வழியில்தான் போனது. ஆனால் டாக்சிசைக்ளின் ஹைக்ளேட் (டாக்சிசைக்ளினின் உப்பு வடிவம்) தண்ணீரில் நன்றாகக் கரைவதால், கோளம் உருவாகும்போதே வெளி நீருக்கு ஓடிவிடுகிறது. இதைத் தடுக்க என்ன செய்தீர்கள்? வெளியே நீருக்குப் பதில் எண்ணெயை வைக்கும் 'எண்ணெய்க்குள் எண்ணெய்' முறை பலன் தந்ததா? அல்லது அட்ரிடாக்ஸ் என்ற டாக்சிசைக்ளின் தயாரிப்பு மாதிரி, பாலிலாக்டிக் அமிலத்தைக் கரைப்பானில் கரைத்து, ஈரம் பட்டதும் இறுகும்படி செய்வதே மேலா?

அப்புறம், மருந்து வெளியீட்டைச் சில நூறு மைக்ரோலிட்டர் திரவத்தில், ஓட்டத்தோடு அளக்க எளிய அமைப்பு யாரிடமாவது இருக்கிறதா? பெரிய பீக்கரில் எடுக்கும் அளவை நம்பவே தோன்றவில்லை.