காடர் குடியிருப்புகளில் தன்னார்வப் பணி: கணக்காளரால் ஏதேனும் பயன் உண்டா?

பொள்ளாச்சி வாசகர் (கேள்வி):
நண்பர்களுக்கு வணக்கம். கூட்டுறவுச் சங்கத்தில் கணக்காளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆனைமலை மழைக்காடுகளிலும், எல்லைக்கு அப்பால் கேரளத்தில் சாலக்குடி ஆற்றை ஒட்டிய வாழச்சால் பகுதியிலும் காடர் பழங்குடி மக்களிடையே இயங்கும் ஒரு தொண்டு நிறுவனத்தில் சில மாதங்கள் ஊதியமின்றிப் பணியாற்ற விரும்புகிறேன். அவர்கள் அனுப்பிய படிவத்தில் குழந்தைகளுக்கு ஆங்கிலம் கற்பித்தல், மரக்கன்று நடுதல் ஆகிய இரண்டு பணிகளே உள்ளன. இரண்டிலும் எனக்குப் பயிற்சி இல்லை. நான் போவதால் அம்மக்களுக்கு உண்மையில் பயன் உண்டா, அல்லது அவர்கள் சோறு போட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டிய ஒரு விருந்தாளியாகத்தான் இருப்பேனா?

மலைச்சாரல்:
ஐயா, படிவத்தில் உள்ள இரண்டையும் விட்டுவிடுங்கள். அங்கே ஆள் தட்டுப்பாடு எழுத்து வேலைக்குத்தான். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி, தனிநபர் நிலம், சமூக உரிமை, சமூக வன வளம் (ஊரார் வழிவழியாகப் பயன்படுத்தும் காட்டைத் தாமே காத்து நிர்வகிக்கும் உரிமை) ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் படிவத்தில் கிராம சபையிடம் கோரிக்கை வைக்க வேண்டும். அது உட்கோட்டக் குழு, மாவட்டக் குழு என்று மேலே செல்லும்போது வரைபடத்திலோ தீர்மானத்திலோ குறை இருந்தால் கோப்பு திரும்பி வந்துவிடும். கிராம சபைக்கு உறுப்பினர்களில் பாதிப்பேர் வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது விதி. தேன் பருவத்தில் ஆட்கள் காட்டுக்குள் இருக்க, அந்த எண்ணிக்கையைச் சேர்ப்பதே பெரும்பாடு. முதியோர் வாக்குமூலத்தையும் சட்டம் சான்றாக ஏற்கிறது. கருங்குங்கிலிய மரத்தில் பழைய வெட்டுத் தழும்பைக் காட்டி, தம் தகப்பனார் பிசின் எடுத்த மரம் இது என்று ஒரு பெரியவர் சொல்லும்போது, அவ்விடத்தை ஜி.பி.எஸ். கருவியில் குறித்து, சொன்னதைச் சொன்னபடியே எழுதி, வாசித்துக் காட்டிக் கைநாட்டுப் பெற ஒருவர் வேண்டும். வாழச்சாலில் ஒன்பது பழங்குடி ஊர்கள் 2014இல் சமூக வன வள உரிமை பெற்றன. சாலக்குடி ஆற்றில் வரவிருந்த அதிரப்பள்ளி நீர்மின் திட்டத்தை எதிர்த்தபோது அந்த உரிமை அவர்களுக்கு நல்ல பிடியாக இருந்தது.

தேன்கூடு:
மேலே சொன்னதில் பாதிதான் எனக்கு உடன்பாடு. கோரிக்கைக் கோப்பு ஆண்டுக்கணக்கில் நகரும். சில மாதங்களில் திரும்பிவிடுகிறவர் அதைக் கையில் எடுத்தால், அவர் போனபின் எந்தத் தாள் எங்கே என்று ஊரில் யாருக்கும் தெரியாது. கிராம சபை அமைக்கும் வன உரிமைக் குழுவின் இளைஞர்கள் எழுதட்டும். நீங்கள் சரிபார்த்தால் போதும். உங்கள் தொழிலுக்கு ஏற்றது கொள்முதல் கணக்கு. தேனும் குங்கிலியமும் கொண்டுவருகிறவருக்கு அன்றைக்கே அரிசி, பருப்பு வாங்கப் பணம் வேண்டும். கொள்முதல் செய்யும் சங்கம் சரக்கை விற்ற பிறகே பணம் தருமானால், முன்பணம் கொடுத்த வியாபாரியிடம் அவர் குறைந்த விலைக்குப் போட்டுவிடுவார். அவரைக் குறைசொல்லிப் பயனில்லை. பருவத்துக்கு எவ்வளவு சுழல் நிதி தேவை, ஈரம் மிகுந்த தேனுக்கு விலையில் எவ்வளவு கழிக்கலாம், எடைச் சீட்டின் நகல் யாரிடம் இருக்க வேண்டும் என்பவற்றை ஒழுங்குபடுத்த உங்களால் இயலும்.

ஆழியாற்றங்கரை:
அனுமதியைப் பற்றியும் முன்கூட்டியே கேளுங்கள். ஆனைமலை புலிகள் காப்பகம். உள்ளிருக்கும் குடியிருப்பில் வெளியாள் தங்குவது வனத்துறையைக் கேட்காமல் நடக்காது. இன்னொன்று, காடர்கள் கேரளத்தில் மிகவும் நலிவுற்ற பழங்குடிகளின் பட்டியலில் இருக்கிறார்கள், தமிழகத்தில் இல்லை. ஆகவே அங்கே பார்த்த திட்டத்தை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். 2019 மழையில் வால்பாறைப் பக்கத்துக் கல்லார் காடர் குடியிருப்பில் மண் சரிந்த பிறகு, தெப்பக்குளமேட்டில்தான் இடம் வேண்டும் என்று அம்மக்களே முடிவு செய்து போராடினார்கள். அப்படிப்பட்டவர்களிடம் போகும்போது, நிறுவனத்தின் வேலைத்திட்டத்தைக் கிராம சபை பார்த்ததா என்பதே என் முதல் கேள்வியாக இருக்கும்.

பொள்ளாச்சி வாசகர்:
அனைவருக்கும் நன்றி. படிவத்தை நிரப்பவில்லை, கொள்முதல் பதிவேட்டில் உதவலாமா என்று கேட்டு எழுதுகிறேன். எடைச் சீட்டு எந்த மொழியில் இருப்பது நல்லது?

தேன்கூடு:
பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் வீட்டில் வாசித்துச் சொல்லும் மொழியில். வாழச்சாலில் மலையாளம், வால்பாறைப் பக்கம் தமிழ்.