ஒன்பதாவது படிக்கும் பையனுக்குத் திட்டமிடவே வரவில்லை, மூளையில் ஏதாவது குறையா?

கொங்குத்தாய்:
பையன் கணக்கில் கெட்டி, செஸ் ஆடினால் அவன் அப்பாவையே தோற்கடிப்பான். ஆனால் திங்கட்கிழமை கொடுக்க வேண்டிய ரெக்கார்டு நோட்டை ஞாயிறு இரவுதான் பையிலிருந்து எடுக்கிறான், அப்போதுதான் கிராஃப் ஷீட் இல்லை என்பதே தெரிகிறது, கடையெல்லாம் சாத்தியாச்சு. டைம்டேபிள் போட்டுச் சுவரில் ஒட்டியும் பார்த்தாச்சு. டியூஷனில் ஒருவர், கைரேகை எடுத்தால் மூளையில் எந்தப் பகுதி பலவீனம் என்று சொல்லிவிடுவோம், ஸ்கேன் மாதிரிதான் என்கிறார். எடுக்கலாமா? இல்லை, இது வெறும் சோம்பேறித்தனமா?

நரம்புப்பின்னல்:
கைரேகைக்கு ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். ரேகை தாய் வயிற்றிலேயே உருவாகி முடிந்துவிடுகிறது. திட்டமிடும் திறனோ இருபது வயதைத் தாண்டியும் வளர்வது. அதை வைத்து இதை எப்படிச் சொல்வார்களாம்?

திட்டமிடுவதில் பெரும்பங்கு நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளையின் முன்மடலுக்கு. அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தில் ஜே கீட் குழு ஒரே பிள்ளைகளைத் திரும்பத் திரும்ப எம்ஆர்ஐ எடுத்து 1999இல் வெளியிட்டது: அந்தப் பகுதியின் சாம்பல்நிறப் பொருள் (நரம்பு செல்கள் நிறைந்த பாகம்) பெண்களுக்கு 11, ஆண்களுக்கு 12 வயதுவாக்கில் உச்சத்துக்குப் போய், அப்புறம் குறைகிறது. குறைகிறதே என்று பயப்பட வேண்டாம், நரம்பு செல்களுக்கு இடையே அதிகம் பயன்படாத இணைப்புகள் கழிகின்றன, நரம்பிழைகளின் மேல் மயலின் என்ற கொழுப்பு உறை ஏறி சமிக்ஞை வேகமாகப் போகிறது. கைகால் அசைவு, பார்வை போன்றவற்றுக்கான பகுதிகள் முந்திக்கொள்ளும், திட்டமிடும் இந்த முன்பகுதி கடைசி வரிசையில் வரும்.

திட்டமிடும் திறனை அளக்க லண்டன் கோபுரம் என்று ஒரு சோதனை உண்டு, டிம் ஷாலிஸ் 1982இல் கொண்டுவந்தது. உயரம் வேறுபட்ட மூன்று குச்சி, மூன்று வண்ண மணி, ஒரு நேரத்தில் ஒரு மணியை மட்டும் நகர்த்தி, குறைந்த நகர்வுகளில் படத்தில் உள்ளபடி அடுக்க வேண்டும். 2011இல் 10 முதல் 30 வயது வரை உள்ளவர்களிடம் இதை வைத்துப் பார்த்தார்கள். எளிய புதிர்களில் 17 வயதுக்குள் பெரியவர்கள் அளவுக்கு வந்துவிட்டார்கள், கடினமானவற்றில் இருபதுகளின் தொடக்கம் வரைக்கும் முன்னேற்றம் இருந்தது. முதல் மணியைத் தொடுவதற்கு முன் எவ்வளவு நேரம் பொறுக்கிறார்கள் என்பதுதான் விஷயமே, சின்னவர்கள் டக்கென்று கை வைத்துவிடுவார்கள்.

பழைய_வாத்தியார்:
எல்லாம் சரி சார், ஆனால் இதையே சாக்காக்கிவிடக் கூடாது. என் வகுப்பில் தண்ணீர் பிடித்து வைத்து, தம்பியைக் கிளப்பிவிட்டு, ரெக்கார்டும் முடித்து வரும் பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் அதே பதினாலு வயதுதானே? வீட்டில் எல்லாவற்றையும் அம்மா எடுத்துக் கொடுத்தால் எந்த முன்மடலுக்கும் வேலை இருக்காது. சுவர் டைம்டேபிள் நீங்கள் போட்டது, அவன் ஏன் பார்க்கப் போகிறான்? வெள்ளிக்கிழமை சாயங்காலம் உட்கார வைத்து, முதலில் என்ன, அப்புறம் என்ன, அதற்கு என்ன வாங்கணும் என்று அவனையே சொல்லச் சொல்லுங்கள், அவனே எழுதட்டும். நடுவில் நீங்கள் வாயைத் திறக்காமல் இருப்பதுதான் கஷ்டம்.

நரம்புப்பின்னல்:
வாத்தியார் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். நான் சொன்னதெல்லாம் சராசரிக் கணக்கு, ஒரே வயதுப் பிள்ளைகளுக்குள்ளேயே பெரிய வித்தியாசம் இருக்கும். ஒரு தனிப் பையனின் எம்ஆர்ஐயைப் பார்த்து இவன் திட்டமிடுவான், மாட்டான் என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது.

கொங்குத்தாய்:
வெள்ளிக்கிழமை யோசனையைச் செய்து பார்க்கிறேன். ஏடிஎச்டியாக, அதான் அந்தக் கவனக்குறைவு, துறுதுறுப்புக் கோளாறாக இருக்குமோ என்று நாத்தனார் கிளப்பிவிட்டிருக்கிறாள், அதற்காவது ஸ்கேன் வேண்டுமா?

நரம்புப்பின்னல்:
அதற்கும் வேண்டாம். ஏடிஎச்டி பிள்ளைகளுக்கு மூளையின் மேலடுக்கான புறணி மற்றவர்களுக்குப் போல அதே வரிசையில்தான் வளர்கிறது, சில வருடம் பிந்துகிறது என்று 2007இல் ஓர் ஆய்வு வந்தது. அதுவும் சராசரிதான், நோயைக் கண்டறிய உதவாது. சின்ன வயதிலிருந்தே வீட்டிலும் பள்ளியிலும் பொருளைத் தொலைப்பது, பாதியில் விடுவது, சொன்னதை மறப்பது எல்லாம் இருந்தால் மட்டும் மனநல மருத்துவரைப் பாருங்கள். உங்களிடமும் ஆசிரியரிடமும் பேசி, பையனைக் கவனித்துத்தான் முடிவு செய்வார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் புறநோயாளிப் பிரிவு உண்டு, அங்கே போனாலே போதும்.